பனிநீரில் மூச்சுக்குப் பாதுகாப்பு: இமய நீர்நிலைகளில் மூழ்கும் வீரர்களுக்குத் தனிக் கருவி, தனி விதி தேவை

புது தில்லி: 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் தேதி உத்தரகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தில் மலையுச்சியிலிருந்து பாறையும் பனியும் சரிந்து விழ, ரிஷிகங்கை, தவுளிகங்கை ஆறுகளில் பெருவெள்ளம் பாய்ந்தது. இரு நீர்மின் திட்டங்கள் சிதைந்தன. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர். அந்தத் துயரம் அடங்குவதற்குள், ரிஷிகங்கையின் மேற்பகுதியில் இடிபாடுகள் ஆற்றை அடைத்து ஓர் ஏரி உருவாகியிருப்பது தெரியவந்தது. அந்த மண்சுவர் உடைந்தால் கீழே மீட்புப் பணியில் இருந்தோர் அனைவரும் மீண்டும் ஆபத்தில் சிக்குவர். சுவர் தாங்குமா என்று விஞ்ஞானிகள் கணக்கிட வேண்டுமானால், ஏரியின் ஆழம் தெரிந்தாக வேண்டும்.

அதற்காக அனுப்பப்பட்டவர்கள் கடற்படையின் முக்குளிப்பு வீரர்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 14,000 அடி உயரத்தில், ஹெலிகாப்டரிலிருந்து இறக்கப்பட்டு, உறைநிலையை ஒட்டிய நீரில் இறங்கி, கையடக்க ஒலியலைக் கருவியால் ஆழத்தை அளந்து தந்தனர்.

கடலுக்காகப் பயிற்சி பெற்ற வீரர்களை நாடு மலைக்கு அழைப்பது இப்போது அரிய நிகழ்வாக இல்லை. அணைகள் பெருகும் ஆறுகள், பனியுருகிப் பெருக்கும் ஏரிகள், எல்லைப் பதற்றம் நிலவும் நீர்ப்பரப்புகள் என இமயத்தின் நீர்நிலைகளில் இறங்க வேண்டிய தேவை ஆண்டுக்கு ஆண்டு கூடிவருகிறது. ஆனால் சுடுநீர்க் கடலில் எவ்விதக் குறையுமின்றி இயங்கும் அதே சுவாசக் கருவி, பனிநீரில் சில நிமிடங்களிலேயே செயலிழக்கக்கூடும் என்பது பொதுவெளியில் அதிகம் பேசப்படாத உண்மை.

கடலோரம் வேறு, இமயம் வேறு

இந்தியக் கடற்படையின் முக்குளிப்புப் பயிற்சிப் பள்ளி கொச்சியில் அமைந்துள்ளது. கொச்சியிலும் விசாகப்பட்டினத்திலும் கடலின் மேற்பரப்பு நீர் ஆண்டின் பெரும்பகுதி 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும். இமாசலத்திலும் காஷ்மீரத்திலும் நிலைமை நேர்மாறானது. பனிமலையிலிருந்து இறங்கும் ஆறுகள் கோடையிலும் குளிர்ந்தே ஓடுகின்றன. குளிர்கால ஏரிகளில், மேற்பரப்பு உறைந்திருக்கும்போது ஆழத்தில் நீர் சுமார் 4 டிகிரியில் நிற்கும்; நன்னீர் அந்த வெப்பநிலையில்தான் மிக அடர்த்தியாகி அடியில் தங்குகிறது. பனிப்படலத்தை ஒட்டிய நீரோ சுழிய டிகிரியை நெருங்கியிருக்கும்.

2014-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் தேதி இமாசலப் பிரதேசத்தின் தலோட் அருகே, லார்ஜி நீர்மின் திட்ட அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர், பியாஸ் ஆற்றில் நின்றிருந்த ஐதராபாத் பொறியியல் கல்லூரி ஒன்றின் 24 மாணவ, மாணவியரையும் சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவரையும் அடித்துச் சென்றது. தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் கடற்படை முக்குளிப்பு வீரர்களும் குளிர்ந்த, சேறு கலங்கிய, இழுப்பு மிகுந்த நீரில் வாரக்கணக்கில் தேடினர். பெற்றோர் கரையிலேயே காத்துக் கிடந்தனர்.

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் தேதி ஸ்ரீநகரின் கண்ட்பல் பகுதியில் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிச் சென்ற படகு ஜீலம் ஆற்றில் கவிழ்ந்தது. அன்றே ஆறு பேர் இறந்தது உறுதியானது. காணாமல் போன மூவரைத் தேடும் பணி பல நாள்கள் நீடித்தது. கடற்படையின் 'மார்கோஸ்' அதிரடிப் பிரிவினரும் அதில் ஈடுபடுத்தப்பட்டனர். 2020-இல் லடாக் எல்லையில் சீனாவுடன் பதற்றம் முற்றியபோது, அதே பிரிவினர் பாங்காங் ஏரிப் பகுதிக்கு அனுப்பப்பட்டதாகச் செய்திகள் வெளியாயின. சுமார் 14,000 அடி உயரத்தில் உள்ள அந்த ஏரி, உப்பு நீராக இருந்தும் குளிர்காலத்தில் உறைந்துவிடுகிறது.

கருவி உறைவது எப்படி?

முதுகில் சுமக்கும் சிலிண்டரில் காற்று சுமார் 200 பார் அழுத்தத்தில், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல ஏறத்தாழ 200 மடங்கில் அடைக்கப்பட்டிருக்கும். அதை மனிதன் சுவாசிக்கத்தக்கதாக மாற்றித் தருவது 'ரெகுலேட்டர்'. 1943-இல் பிரான்ஸில் ழாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கக்னானும் உருவாக்கிய கருவியே இன்றைய ஸ்கூபா ரெகுலேட்டர்களுக்கு முன்னோடி. இது இரு நிலைகளில் இயங்குகிறது. சிலிண்டரின் தலையில் பொருத்தப்படும் முதல் நிலை, காற்றின் அழுத்தத்தைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிடச் சுமார் 10 பார் அதிகமான அளவுக்குக் குறைக்கிறது. வாயில் கவ்வும் இரண்டாம் நிலை, வீரர் மூச்சை இழுக்கும்போது மட்டும் தேவையான காற்றை விடுகிறது.

காற்றடித்த சைக்கிள் டியூபின் வால்வைத் திறந்துவிட்டால் அந்த இடம் சில்லிடுவதைப் பலரும் தொட்டு உணர்ந்திருப்பர். அழுத்தம் சட்டெனக் குறையும் வாயு குளிர்ந்துவிடும் என்பதே காரணம். முதல் நிலையில் ஒவ்வொரு மூச்சுக்கும் இதுவே நிகழ்கிறது. 28 டிகிரி கடலில், சுற்றியுள்ள நீரின் வெப்பம் அந்தக் குளிர்ச்சியை உடனுக்குடன் ஈடு செய்துவிடும். 4 டிகிரி நீரில் அதற்குரிய வெப்பம் இல்லை. உலோகம் உறைநிலைக்குக் கீழே இறங்குகிறது. முதல் நிலையின் சுருள்வில்லைச் சுற்றியுள்ள நீர் பனிக்கட்டியாகிறது. அசைய வேண்டிய பாகம் திறந்த நிலையிலேயே சிக்கிக்கொள்கிறது.

இரண்டாம் நிலையில் வேறொரு வழியில் ஆபத்து வருகிறது. வீரர் வெளிவிடும் மூச்சின் ஈரம், அங்குள்ள சிறு நெம்புகோலில் படிந்து உறைகிறது. வால்வு முழுமையாக மூடாது.

இரண்டிலும் விளைவு ஒன்றே. காற்று கட்டுப்பாடின்றிப் பீறிட்டு வெளியேறத் தொடங்குகிறது. பீறிடும் காற்று மேலும் குளிர்ச்சியை உண்டாக்க, பனி மேலும் தடிக்கிறது. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பாருக்கு அடைத்த காற்று, சாதாரண நிலையில் 10 மீட்டர் ஆழத்தில் ஒரு மணி நேர அளவுக்கு வரும். இப்படிப் பீறிடத் தொடங்கினால் அது சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். குமிழ்களால் கண் மறைகிறது. இரைச்சலில் எதுவும் கேட்பதில்லை. அச்சத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே விரைபவரின் நுரையீரல், விரிவடையும் காற்றால் கிழியக்கூடும். பனிப்படலத்துக்குக் கீழே இருப்பவருக்கோ நேரே மேலே வரும் வழியே இல்லை.

முத்திரையில் இருக்கும் எச்சரிக்கை

ஐரோப்பாவின் 'ஈ.என். 250' தரவிதி, 10 டிகிரிக்குக் குறைந்த நீரைக் குளிர்ந்த நீர் என வரையறுக்கிறது. அத்தகைய நீரில் பயன்படுத்தத்தக்கது என்று கூறப்படும் ரெகுலேட்டர் 4 டிகிரி அல்லது அதற்கும் குறைந்த நீரில் சோதித்துத் தேற வேண்டும். அந்தச் சோதனையில் தேறாத கருவியில், 10 டிகிரிக்கு மேற்பட்ட நீருக்கு மட்டுமே உரியது என்ற குறி பொறிக்கப்பட வேண்டும். கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரிந்துகொள்ளக்கூடிய செய்தி இது. விலைப்புள்ளி கோரும்போது இந்த ஒரு வரியைச் சேர்க்காமல் விட்டால், விலை குறைந்த சுடுநீர்க் கருவியே மலைக்கும் வந்து சேரும்.

குளிர்நீருக்கு உரிய ரெகுலேட்டரில், முதல் நிலையின் சுருள்வில் நீர் தொடாதபடி சவ்வினால் அடைத்துக் காக்கப்பட்டிருக்கும். சுற்றுநீரின் வெப்பத்தை உள்ளே கடத்தும் உலோகப் பாகங்களும் இருக்கும். எனினும் கருவி சரியாக இருந்தால் மட்டும் போதாது. அதைக் கையாளும் முறையே உயிரைக் காக்கிறது.

முக்குளிப்பு நூல்களும் துருவப் பகுதி ஆய்வாளர்களின் அனுபவமும் வலியுறுத்தும் விதிகளில் முதன்மையானவை சில. ரெகுலேட்டரை நீரில் இறங்கும் வரை உலர்வாகவும் கதகதப்பான இடத்திலும் வைத்திருக்க வேண்டும். உறைபனிக் காற்றில் நின்றுகொண்டு அதன் வழியே மூச்சு விட்டுப் பார்க்கக் கூடாது. வெளிவிடும் மூச்சின் ஈரம் அங்கேயே உறைந்துவிடும். சோதிக்க வேண்டுமானால் உள்ளிழுத்துப் பார்க்கலாம், அதனுள் வெளிவிடக் கூடாது. முறையான முதல் மூச்சு, கருவி நீருக்குள் சென்ற பிறகே. அண்டார்டிகாவில் மைனஸ் 1.9 டிகிரி கடல்நீரில் மூழ்கும் ஆய்வாளர்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இதுவே.

சிலிண்டரில் அடைக்கும் காற்று ஈரமின்றி இருக்க வேண்டும். இதற்கு, காற்றை அடைக்கும் கம்ப்ரசரின் வடிகட்டிகளை உரிய காலத்தில் மாற்றியாக வேண்டும். வாய்ப்பகுதியில் உள்ள காற்றுப் பொத்தானைத் தேவையின்றி அழுத்தக் கூடாது. மிதவை அங்கிக்கும் உடைக்கும் காற்றைச் சிறிது சிறிதாகவே விட வேண்டும். மூச்சை இழுக்கும் அதே நேரத்தில் விடலாகாது. ஒரே சமயத்தில் எவ்வளவு அதிகமாகக் காற்று பாய்கிறதோ, அவ்வளவு விரைவில் கருவி உறையும். அதே காரணத்தால், கடும் உடல் உழைப்பும் மூச்சிரைப்பும் குளிர்நீரில் கருவிக்கே ஆபத்தாக முடிகின்றன.

அனைத்துக்கும் மேலாக, தனித்தனி வால்வுகளில் பொருத்திய இரு முதல் நிலைகள் தேவை. ஒன்று உறைந்து பீறிட்டால் வீரர் மற்றொன்றுக்கு மாறி, பீறிடும் வால்வை அவரோ துணைவரோ மூடிவிடலாம். மூடியபின் பனி கரைந்து கருவி மீண்டும் இயங்கினாலும், பணியைத் தொடராமல் கரையேறுவதே விதி. பீறிடும் வாய்ப்பகுதியை இறுகக் கவ்வாமல், உதட்டோரம் வைத்துத் தேவையான காற்றை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும் பழக்கமும் பயிற்சியில் கற்றுத்தரப்படுகிறது. நீச்சல் குளத்தில் பலமுறை செய்து பழகாதவர் பனிநீரின் பதற்றத்தில் அதைச் செய்ய இயலாது.

பனிப்படலத்துக்கு அடியில் இறங்குவதானால், வீரர் கயிற்றில் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். மேலே அக்கயிற்றைக் கையில் பிடித்து அசைவுகளை உணரும் ஒருவரும், முழு உடையுடன் உடனே இறங்க ஆயத்தமான மாற்று வீரர் ஒருவரும் இருக்க வேண்டும். சிலிண்டர் காற்றில் மூன்றில் ஒரு பங்கு செல்வதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, மூன்றாம் பங்கு ஆபத்துக்கு என்பது பொதுவான கணக்கு.

உடலின் எல்லை

கருவியைப் போலவே உடலும் குளிரில் முறிகிறது. நீர், உடலின் வெப்பத்தைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகக் கடத்திச் செல்லும். பாதுகாப்பின்றிப் பனிநீரில் விழுபவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறலே பெரும் பகை. தன்னையறியாமல் நீண்ட மூச்சை இழுத்து நீரைக் குடித்துவிடுவர். அடுத்த 10 நிமிடங்களுக்குள் விரல்களும் கைகளும் செயலற்றுப் போகின்றன. உள்ளுடல் வெப்பம் குறைந்து நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகலாம். ஆகவே குளிர்நீரில் பலர் இறப்பது உடல் உறைந்து அல்ல. அதற்கு வெகு முன்பே, மூச்சையும் கைகளையும் இழந்து மூழ்கித்தான்.

முக்குளிப்பு வீரருக்கு இதன் பொருள் தெளிவானது. விரல் மரத்துப்போனால் வால்வை மூட முடியாது. கடலில் அணியும், நீர் உட்புகும் ரப்பர் உடை இங்கு நீண்ட பணிக்குப் போதாது. நீர் புகாத 'ட்ரை சூட்', அதனுள் கம்பளி போன்ற உள்ளாடை, நீர் புகாக் கையுறை, தலைமூடி ஆகியவை தேவை. நடுக்கம் தொடங்கினால் காற்றுச் செலவும் கூடும் என்பதால், நடுக்கமே கரையேறுவதற்கான அறிகுறி. கரையேறியவரைக் காற்றுப்படாத இடத்தில் படுக்கவைத்து, ஈர உடையைக் களைந்து, மெல்லச் சூடேற்ற வேண்டும். கைகால்களைத் தேய்ப்பதும் மது கொடுப்பதும் தீங்கையே விளைவிக்கும்.

உயரம் சேர்க்கும் சிக்கல்

பாங்காங் போன்ற உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் 60 சதவீதமே. ஆழத்திலிருந்து மேலே வரும்போது உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழாக மாறி மூட்டுகளையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கும் நோய்க்கு, இந்தக் குறைந்த அழுத்தம் வழி திறந்துவிடுகிறது. உயர ஏரியில் 18 மீட்டர் இறங்குவதை, நைட்ரஜன் கணக்கில் கடலில் 30 மீட்டர் இறங்கியதற்கு இணையாகவே கொள்ள வேண்டும் என்கிறது வழக்கமான கணக்கீடு. கடலுக்கான அட்டவணையை அப்படியே பின்பற்றினால் வீரர் அறியாமலேயே எல்லை மீறியிருப்பார். குளிர் அந்த ஆபத்தை மேலும் கூட்டுகிறது.

பணி முடிந்த பின்னும் ஆபத்து நீங்குவதில்லை. பாங்காங்கிலிருந்து லே நகருக்குத் திரும்பும் சாலை, 17,000 அடிக்கும் மேற்பட்ட சாங் லா கணவாயைக் கடக்கிறது. முக்குளித்த சில மணி நேரத்தில் அதன் வழியே வாகனத்தில் செல்வது, முக்குளித்தவுடன் விமானம் ஏறுவதற்கு நிகரான தவறு. பாதிக்கப்பட்டவரை மீண்டும் அழுத்தத்துக்கு உட்படுத்திக் குணப்படுத்தும் அறைகளும், அதில் தேர்ந்த மருத்துவர்களும் பெரும்பாலும் கடலோரக் கடற்படைத் தளங்களை ஒட்டியே உள்ளனர். இமயத்தின் ஏரிக்கும் அந்த அறைக்கும் இடையிலான தூரத்தை, பணி தொடங்குவதற்கு முன்பே கணக்கில் கொள்வது கட்டாயம்.

'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை

2018-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் தேதி மேகாலயத்தில் சட்டவிரோத நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் நீர் புகுந்து 15 தொழிலாளர்கள் சிக்கினர். சுமார் 370 அடி ஆழமுள்ள அந்தச் சுரங்கத்தில் நீர் வற்றாத நிலையில், வீரர்கள் இறங்கும் ஆழத்துக்கு வரம்பு வகுக்கப்பட்டது. நீருக்கடியில் இயங்கும் தொலை இயக்கக் கருவியைக் கடற்படை உள்ளே அனுப்பியது. இரு உடல்கள் மட்டுமே மீட்கப்பட்டன. உறவினரின் வேதனைக்கு அது ஈடாகாது. ஆயினும் இறந்தவரைத் தேடி இன்னோர் உயிரை இழக்கலாகாது என்ற நெறி அங்கே காக்கப்பட்டது.

பனிநீரில் இந்த நெறி இன்னும் இன்றியமையாதது. கரையில் அழுது நிற்கும் குடும்பம், கேமராக்களுடன் காத்திருக்கும் ஊடகம், மணிக்கொரு முறை அறிக்கை கேட்கும் அமைச்சர் அலுவலகம் என நெருக்கடி பல முனைகளிலிருந்தும் வரும். அந்நிலையில் வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் களத்தில் உள்ள முக்குளிப்புப் பொறுப்பாளருக்கு எழுத்துபூர்வமாக அளிக்கப்பட்டிருக்க வேண்டும். அம்முடிவுக்காக அவர் தண்டிக்கப்படலாகாது.

கேட்க வேண்டிய கேள்விகள்

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைத் தொடர்ந்து 2006-இல் 8 பட்டாலியன்களுடன் தொடங்கப்பட்ட தேசியப் பேரிடர் மீட்புப் படை, இப்போது 16 பட்டாலியன்களாக வளர்ந்துள்ளது. எனினும் ஆற்றங்கரைக்கு முதலில் வந்து சேர்வது மாநில மீட்புப் படையினர், காவல் துறையினர், தீயணைப்புத் துறையினர், உள்ளூர் நீச்சல்காரர்கள் ஆகியோரே. காவல் துறை மாநிலப் பட்டியலில் உள்ளது. தீயணைப்புப் பணியும் மாநிலங்களின் பொறுப்பிலேயே நடைபெறுகிறது. எனவே கேள்விகள் தில்லிக்கு மட்டும் உரியவை அல்ல. சிம்லா, டேராடூன், ஸ்ரீநகர், லே, காங்டாக் ஆகியவற்றுக்கும் உரியவை.

மலை மாநிலங்களின் மீட்புப் படைகளிடம் உள்ள ரெகுலேட்டர்களில் எத்தனை குளிர்நீருக்கு உரியவை? அவை ஆண்டுதோறும் பழுதுபார்க்கப்படுகின்றனவா? ஒவ்வொரு வீரருக்கும் இரு முதல் நிலைகளும் ட்ரை சூட்டும் உண்டா? வீரர்கள் குளிர்ந்த ஏரியில் பயிற்சி பெற்றார்களா, அல்லது நீச்சல் குளத்தோடு பயிற்சி முடிந்துவிட்டதா? உயரத்துக்கான அட்டவணை அவர்களிடம் உள்ளதா? நாடாளுமன்றத்திலும் சட்டப்பேரவைகளிலும் உறுப்பினர்கள் எழுப்பத்தக்க கேள்விகள் இவை. விடைகளைப் பெறப் பெருஞ்செலவு ஏதும் இல்லை. கருவிகளைக் கணக்கெடுத்தால் போதும்.

தேவை குறையப் போவதில்லை. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் தேதி சிக்கிமின் தெற்கு லோனாக் பனியேரி உடைந்து, சுங்தாங்கில் 1,200 மெகாவாட் நீர்மின் திட்ட அணையை அடித்துச் சென்றது. அதன் பிறகு, பனியேரி வெள்ள அபாயத்தைக் குறைக்க அருணாசலப் பிரதேசம், இமாசலப் பிரதேசம், சிக்கிம், உத்தரகண்ட் ஆகிய நான்கு மாநிலங்களுக்கென ரூ. 150 கோடித் திட்டத்துக்கு மத்திய அரசு 2024-இல் ஒப்புதல் அளித்தது. ஏரிகளின் ஆழத்தை அளக்கவும், கண்காணிக்கும் கருவிகளை நிறுவவும் மனிதர்கள் அந்த நீரை நெருங்கியே ஆக வேண்டும். அத்தகைய திட்டங்களின் செலவுப் பட்டியலில், நீரில் இறங்குவோரின் மூச்சுக்கான பாதுகாப்பும் ஓர் இனமாக இடம்பெறுவதே முறை.

யாரும் நீரில் இறங்க வேண்டிய நிலையே வராமல் தடுப்பது இவை அனைத்துக்கும் முந்தைய கடமை. பியாஸ் துயரத்தில் இறந்த மாணவர்களின் குடும்பங்களுக்குத் தலா ரூ. 20 லட்சம் இழப்பீடு வழங்க இமாசல உயர் நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. அணை திறக்கும் முன் ஒலிக்கும் சங்கு, கரையோர எச்சரிக்கைப் பலகை, தடுப்பு வேலி ஆகியவற்றின் விலை அந்தத் தொகையின் அருகே மிகச் சிறியது. அவை தவறும் நாளில், கடைசியாக நீரில் இறங்குபவர் ஒரு முக்குளிப்பு வீரர். அவர் கவ்வியிருக்கும் ரெகுலேட்டர் எந்த நீருக்காகச் செய்யப்பட்டது என்பதை, அவர் இறங்குவதற்கு முன்பே அரசு அறிந்திருக்க வேண்டும்.